வீட்டுக் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையுடன் இணைத்தல்

பாதாளச் சாக்கடை இணைப்பு என்பது, ஒரு வீட்டின் கழிவறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் தெருவுக்கு அடியில் செல்லும் பொதுக் குழாயில் சேர்க்கும் ஏற்பாடு ஆகும். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும், அண்மையில் நகராட்சியான ஊர்களிலும் பெரும்பாலான வீடுகள் செப்டிக் டேங்கையே நம்பியுள்ளன. அந்தத் தொட்டி பழுதாகும்போதோ, தெருவில் புதிதாகப் பாதாளச் சாக்கடை அமைக்கப்படும்போதோ இணைப்பு பற்றிய கேள்வி எழுகிறது. தெருவில் உள்ள குழாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் அரசு அமைக்கிறது. ஆனால் கழிவறைப் பீங்கானிலிருந்து தெருக்குழாய் வரையிலான சில மீட்டர் தூரம் வீட்டுக்காரரின் பொறுப்பில் உள்ளது. வீட்டில் இருப்போரின் உயிரும், தொட்டியைச் சுத்தம் செய்வோரின் உயிரும் அந்தச் சில மீட்டரில் செய்யப்படும் வேலையைப் பொறுத்தவை.

இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, செப்டிக் டேங்க் பழுதாவதன் காரணங்களையும் இணைப்பின் படிநிலைகளையும் விளக்குகிறது.

செப்டிக் டேங்க் செயல்படும் முறை

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜான் லூயி மூரா என்பவர் 1860ஆம் ஆண்டு வாக்கில் தம் வீட்டுக் கழிவுக்காக ஒரு மூடிய தொட்டியைக் கட்டினார். சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, அதில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான கசடே இருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் டொனால்ட் கேமரூன் இதே முறையில் ஒரு தொட்டி அமைத்து, அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயரிட்டார். 'செப்டிக்' என்பதற்கு அழுகச் செய்வது என்று பொருள்.

தொட்டிக்குள் நுழையும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் உள்ள கலங்கிய நீர் வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைச் செரித்து, மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்களை உண்டாக்குகின்றன.

இதில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தமாக்குவதில்லை, பாதி வேலையை மட்டுமே செய்கிறது. வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகளும் நைட்ரஜனும் பெருமளவு அப்படியே இருக்கும். மீதி வேலையை உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் செய்ய வேண்டும். மண்ணால் அது முடியாத இடத்தில் தொட்டி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் பயனில்லை.

இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 விதிநூல், 5 பேர் பயன்படுத்தும் தொட்டிக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறத்தாழ 1 மீட்டர் நீராழம் என்று அளவு குறிக்கிறது. ஊர்களில் கட்டப்படும் தொட்டிகள் பல இந்த விதிப்படி அமைவதில்லை. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, மேலே மூடி போட்டுவிடுவது வழக்கம். இது உண்மையில் செப்டிக் டேங்க் அன்று, மலக்குழி. "எங்கள் தொட்டி இருபது ஆண்டாக நிரம்பவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தொட்டி நன்றாக வேலை செய்கிறது என்று பொருளாகாது. கழிவுநீர் அடிவழியே நிலத்தடிக்குப் போகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

கோட்டக்குப்பத்தின் நிலம்

கோட்டக்குப்பம் வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. தெற்கே புதுச்சேரியின் முத்தியால்பேட்டைப் பகுதியுடன் வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. மேற்கே ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேடு, கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த கடலோர நிலம் என்பது இப்பகுதியின் அமைப்பு.

கடலோர மணலில் நீர் விரைவாக இறங்கும். இதனால் உறிஞ்சு குழி தொடக்கத்தில் சிறப்பாகச் செயல்படுவது போலத் தோன்றும். ஆனால் நீர் விரைந்து இறங்குவதால், கிருமிகளை மண் வடிகட்டுவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர்மட்டமும் ஆழமாக இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் அந்த நீர்மட்டம் இன்னும் உயர்கிறது. அப்போது உறிஞ்சு குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கிவிடுகிறது. குழியிலிருந்து நீர் வெளியேற வழியில்லை. கழிவறையில் ஊற்றிய நீர் திரும்பி வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய நாளில் எந்த உறிஞ்சு குழியும் வேலை செய்யாது.

அடுத்த சிக்கல் மனையின் அளவு. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொறியியல் விதி. 3 சென்ட் மனை என்பது ஏறத்தாழ 120 சதுர மீட்டர். அது 8 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்டதாக இருந்தால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கான தூரமே 17 மீட்டர்தான். அதாவது அந்த மனையில் கிணற்றையும் குழியையும் எங்கே வைத்தாலும் விதியைக் காக்க முடியாது. தன் மனையில் காத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி தன் கிணற்றுக்கு அருகில் இருக்கும்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், 100 மில்லி லிட்டர் நீரில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் ஐ.எஸ். 10500 தரநிலை கூறுகிறது. நைட்ரேட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவில் கலந்து கொடுக்கப்படும் நீரில் அது மிகுந்திருந்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது.

தொட்டி பழுதானதற்கான அறிகுறிகள்

பழுது ஒரே நாளில் வருவதில்லை. கீழ்க்காணும் அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்.

• கழிவறையில் ஊற்றிய நீர் மெதுவாக இறங்குதல். கொப்பளிக்கும் ஒலி கேட்டல்.
• மழைக்காலத்தில் மட்டும் அடைப்பு வந்து, கோடையில் சரியாகிவிடுதல்.
• தொட்டியைச் சுற்றியுள்ள மண் எப்போதும் ஈரமாக இருத்தல். அவ்விடத்தில் மட்டும் புல் செழித்து வளர்தல்.
• குளியலறையிலும் கொல்லையிலும் அழுகிய முட்டை நாற்றம்.
• கிணற்று நீரிலோ ஆழ்குழாய் நீரிலோ நாற்றமும் நிறமாற்றமும்.
• கசடை அகற்றிய சில வாரங்களிலேயே தொட்டி மீண்டும் நிரம்புதல்.

கடைசி அறிகுறி முக்கியமானது. கசடு மிகுந்ததால் வந்த அடைப்பானால், லாரி வைத்து உறிஞ்சி எடுத்ததும் தீர்ந்துவிடும். எடுத்த சில வாரங்களில் மீண்டும் நிரம்பினால், உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் அடைபட்டிருக்கிறது. அல்லது நிலத்தடி நீர் தொட்டிக்குள் புகுகிறது. இரண்டையும் கசடு அகற்றுவதால் சரிசெய்ய முடியாது. இந்நிலையில் பல வீடுகளில் தொட்டியின் வெளியேற்றுக் குழாயைத் தெருவோர மழைநீர் வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு வீட்டின் சிக்கல் தெருவின் சிக்கலாக மாறி, இறுதியில் கடலைச் சேர்கிறது.

பாதாளச் சாக்கடையின் அமைப்பு

ஓர் ஆள் நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் பயன்படுத்துவதாகவும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறுவதாகவும் கொண்டு இந்தியாவில் பாதாளச் சாக்கடை வடிவமைக்கப்படுகிறது. 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 540 லிட்டர். 100 வீடுகள் கொண்ட தெருவுக்கு 54,000 லிட்டர். இவ்வளவு நீரும் நிலத்துக்குள் இறங்குவதற்குப் பதிலாக, தெருக்குழாய், நீரேற்று நிலையம் ஆகியவற்றின் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது.

குழாய்களில் நீர் பெரும்பாலும் சரிவினாலேயே ஓடுகிறது. கழிவு படியாமல் இருக்க, நீரின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கோட்டக்குப்பம் போன்ற தட்டையான கடலோர ஊர்களில் சரிவுக்காகக் குழாயை மேலும் மேலும் ஆழமாகப் பதிக்க வேண்டியிருக்கும். ஆழம் மிகுந்த இடத்தில் நீரேற்று நிலையம் அமைத்து மேலே தூக்க வேண்டும். நிலத்தடி நீர் உயரமாக உள்ள மணலில் பள்ளம் தோண்டினால் பக்கங்கள் சரியும். கடலோரத்தில் இத்திட்டங்கள் அதிகச் செலவும் காலமும் எடுப்பதற்கு இவையே காரணங்கள்.

பாதாளச் சாக்கடைக்கும் குறைகள் உண்டு. போதிய குடிநீர் வழங்கப்படாத ஊரில் குழாயில் நீரோட்டம் குறைந்து கழிவு தேங்கும். மின்சாரம் நின்றால் நீரேற்று நிலையம் நின்றுவிடும். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்காவிட்டால், நூறு வீட்டுக் கொல்லைகளில் பரவியிருந்த மாசு ஒரே இடத்தில் திரண்டு கொட்டப்படும்.

இணைப்பை வழங்கும் அமைப்பு

தமிழ்நாட்டின் நகராட்சிகளில் பாதாளச் சாக்கடைத் திட்டங்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமோ நகராட்சியோ நிறைவேற்றுகிறது. இணைப்பு வழங்குவதும் கட்டணம் பெறுவதும் நகராட்சியின் பணி. விழுப்புரம் நகராட்சியில் இத்திட்டம் செயல்பாட்டில் உள்ளது. திண்டிவனத்தில் பணிகள் பின்னர் தொடங்கின.

கோட்டக்குப்பத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் எல்லைக்கு அப்பால் உள்ள புதுச்சேரி நகரில் பாதாளச் சாக்கடை உள்ளது. லாசுப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையமும் இயங்குகிறது. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பொதுப்பணித் துறை நடத்தும் அமைப்பு. கோட்டக்குப்பம் தமிழ்நாட்டு நகராட்சி. சாக்கடைக்குழாய் தூரத்தைப் பார்த்து அன்று, ஆட்சி எல்லையைப் பார்த்தே வீட்டுக்கு வருகிறது. எல்லைத் தெருவில் உள்ள ஒரு வீட்டுக்காரர் எதிர்ச்சாரிக் குழாயில் தாமாக இணைத்துக்கொள்ள முடியாது. தம் நகராட்சியிடமே விண்ணப்பிக்க வேண்டும். நிலத்தடி நீருக்கோ அத்தகைய எல்லை இல்லை. ஒரு பக்கத்தில் இறங்கும் கழிவு மறுபக்கத்துக் கிணற்றை அடையலாம்.

அனுமதி பெறாமல் தெருக்குழாயை உடைத்து இணைப்பதால் கேடுகள் பல உண்டாகும். குழாய் விரிசல் விடும், அதன்வழி மணல் உள்ளே புகும், தெரு உள்வாங்கும்.

இணைப்பின் படிநிலைகள்

1. மட்டம் பார்த்தல்

முதலில் அறிய வேண்டியது, தெருவில் நகராட்சி அமைத்துள்ள இணைப்புத் தொட்டியின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது. ஊர்ப்புற வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். பாதாளச் சாக்கடை வாசற்புறத்தில் வரும். எனவே குழாய் வீட்டின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். 100 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 60க்கு 1 என்ற சரிவு தேவை. கொல்லையிலிருந்து தெருவுக்கு 24 மீட்டர் என்றால், 40 செ.மீ. இறக்கம் வேண்டும். தெருத் தொட்டியின் மட்டம் அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறதா என்பதைக் குழாய் வாங்கும் முன்பே, கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டக் குழாயால் பார்த்துவிடலாம்.

சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போடுவதால் பல வீடுகளின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. இத்தகைய வீடுகளில், தெருக்குழாய் அடைபட்டால் கழிவு தெருவில் பொங்கும் முன் வீட்டுக் கழிவறையில் பொங்கும். அங்கே எதிரோட்டத் தடுப்பு வால்வு பொருத்துவது கட்டாயம்.

2. குழாய் செல்லும் வழி

குழாய் கூடியவரை நேராகவும் கட்டடத்துக்கு வெளியேயும் செல்ல வேண்டும். பக்கவாட்டில் சந்து இருந்தால் அதுவே சிறந்த வழி. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் தரைக்கு அடியில் கொண்டுசெல்ல நேரும். அப்போது தரைக்கடியில் வளைவோ இணைப்போ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு மேலாகக் கழிவுநீர்க் குழாய் செல்லக் கூடாது.

3. ஆய்வுத் தொட்டிகள்

குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும், இரு குழாய்கள் சேரும் இடத்திலும் மூடியுடன் கூடிய சிறு ஆய்வுத் தொட்டி வேண்டும். பேச்சுவழக்கில் இதனைச் சேம்பர் என்பர். தொட்டியின் அடியைத் தட்டையாக விடாமல், அரைவட்ட வாய்க்காலாகப் பூச வேண்டும். தட்டையாக விட்டால் கழிவு அங்கேயே தங்கிவிடும்.

4. சேர்க்க வேண்டியவையும் கூடாதவையும்

செப்டிக் டேங்கில் வழக்கமாகக் கழிவறை நீர் மட்டுமே விடப்படுகிறது. பாதாளச் சாக்கடையில் குளியலறை, சமையலறை நீரையும் சேர்க்கலாம். சமையலறை நீரை எண்ணெய் தங்கும் சிறு தொட்டி ஒன்றின் வழியாக விடுவது நல்லது. மொட்டை மாடியின் மழைநீரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கழிவுநீர்க் குழாயின் அளவு மழையைக் கணக்கில் கொண்டதன்று. சில வீடுகளின் மாடிநீர் சேர்ந்தாலே பெருமழையில் தாழ்ந்த தெருவின் மேன்ஹோல்கள் பொங்கும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாடிநீர் செல்ல வேண்டிய இடம் அந்தச் சேகரிப்புக் குழியே.

5. சோதனை

மண்ணை மூடும் முன் குழாயின் கீழ்முனையை அடைத்து, மேல்முனை வரை நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடைப்பை நீக்கி, கழிவறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, ஒவ்வொரு சேம்பரிலும் அது தேங்காமல் ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

நீரடைப்பும் காற்றுக் குழாயும்

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையில் உருவான நச்சுவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்தது. காலையில் கழிவறைக்குச் சென்ற முதிய பெண் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கச் சென்ற மகளும் விழுந்தார். அதே தெருவில் 15 வயதுச் சிறுமி ஒருவரும் இறந்தார். மூவரும் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் அல்லர். தங்கள் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தியவர்கள். கோட்டக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த இந்நிகழ்வு, வீட்டு இணைப்பின் மிக முக்கியமான பகுதி எது என்பதைக் காட்டியது.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் ஒரு குடும்பத்தின் கழிவிலிருந்து எழும் வாயு மட்டுமே இருக்கும். பாதாளச் சாக்கடையுடன் இணைத்த பின், ஊர் முழுவதன் குழாய்களில் உருவாகும் வாயுவோடு வீடு தொடர்பு கொள்கிறது. அந்த வாயுவுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது இரண்டங்குல ஆழத் தண்ணீர் மட்டுமே. கழிவறைப் பீங்கானுக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தங்கியிருக்கும் இந்நீரே நீரடைப்பு. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் எஸ் வடிவ வளைவுக்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல் இந்த அடிப்படை மாறவில்லை. குழாய் வேலை செய்வோர் இதனை ட்ராப் என்பர். பீங்கானுக்கு பி ட்ராப் அல்லது எஸ் ட்ராப், தரைவடிகாலுக்கு நானி ட்ராப், வெளிப்புறத்தில் கல்லி ட்ராப் எனப் பல வகைகள் உண்டு.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சம் பங்குக் காற்றில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். 500 பங்குக்கு மேல் சில நிமிடங்களில் மயக்கமும் மரணமும் நேரலாம். எனவே நாற்றம் திடீரென நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஒருவர் கழிவறையில் மயங்கி விழுந்து, அழுகிய நாற்றமும் இருந்தால், உடனே உள்ளே ஓடுவது இரண்டாவது உயிரையும் பறிக்கக்கூடும். கதவையும் சன்னலையும் வெளியிலிருந்து திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துவதும், தீயணைப்புத் துறையை அழைப்பதுமே முதலில் செய்ய வேண்டியவை.

நீரடைப்பு மூன்று வழிகளில் கெடுகிறது. ட்ராப் பொருத்தாமலே நேராக இணைத்துவிடுவது முதல் வழி. பல நாள் பயன்படுத்தாத கழிவறையில் நீர் ஆவியாகிப் போவது இரண்டாவது. காற்றுக் குழாய் இல்லாததால், ஒரே நேரத்தில் பெருமளவு நீர் இறங்கும்போது ஏற்படும் இழுப்பில் ட்ராப்பின் நீரும் சேர்ந்து போய்விடுவது மூன்றாவது. எனவே ஒவ்வொரு கழிவறைக்கும் தரைவடிகாலுக்கும் ட்ராப் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு மேல் உயரும் காற்றுக் குழாய் இருக்க வேண்டும். அதன் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். பயன்பாடற்ற கழிவறையில் வாரம் ஒருமுறை ஒரு வாளி நீர் ஊற்ற வேண்டும். பழைய கழிவறையைப் புதிய குழாயுடன் இணைக்கும்போது, பீங்கானைப் பெயர்க்கும் செலவுக்கு அஞ்சி ட்ராப்பைச் சோதிக்காமல் விடுவது பெருந்தவறு.

பழைய தொட்டியை மூடுதல்

இணைப்புக்குப் பின் பழைய தொட்டியைக் குழாய் வழியில் அப்படியே விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. வழக்கமான பாதாளச் சாக்கடைக்கு இது பொருந்தாது. தொட்டியில் தங்கி அழுகிய நீர், தெருக்குழாயில் மேலும் வாயுவை உண்டாக்கும். வீட்டுக்காரர் மறந்துபோன தொட்டியின் மூடி ஆண்டுகள் செல்லச் செல்ல அரித்து, மேலே விளையாடும் குழந்தைக்குப் பொறியாகும். ஆகவே தொட்டியைத் தவிர்த்துக் குழாயை நேராகக் கொண்டுபோய், தொட்டியை முறையாக மூட வேண்டும்.

முதலில் கழிவுநீர் லாரியைக் கொண்டு கசடு முழுவதையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே சுண்ணாம்பு தூவ வேண்டும். அடித்தளத்தை மேலிருந்தே கடப்பாரையால் அல்லது இயந்திரத்தால் துளைத்து, மழைநீர் தேங்காமல் செய்ய வேண்டும். பிறகு மணலும் கட்டட இடிபாடும் இட்டு, அடுக்கடுக்காக நீர் ஊற்றித் திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும். இந்த வேலை எதற்கும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது.

தொட்டிக்குள் மனிதரை இறக்குவது குற்றம். மலம் அள்ளும் பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்த ஆளும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்யப் பணிக்கக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மீண்டும் மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'எந்த ஆளும்' என்பதில் வீட்டு உரிமையாளரும் அடங்குவார். இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

இச்சட்டத்துக்குப் பிறகும் மரணங்கள் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் உள்ளது. ஒருவர் மயங்கியதும் அவரைக் காக்க அடுத்தவர் இறங்கி, அவரும் இறப்பது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இறந்தோரில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர் என்பதால், இது பொறியியல் சிக்கல் மட்டுமன்று, சாதியச் சிக்கலும் ஆகும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஹோமோசெப்' போன்ற இயந்திரங்கள், இறுகிய கசடை ஆள் இறங்காமலே கலக்கி எடுக்க உதவுகின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யும் வண்டியைக் கோர 14420 என்ற உதவி எண் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

செலவும் ஆலந்தூர் முன்மாதிரியும்

பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்காரர் மூன்று வகையில் செலவிடுகிறார்: ஒருமுறை செலுத்தும் வைப்புத்தொகை, மாதக் கட்டணம், வீட்டுக்குள் செய்யும் குழாய் வேலை. முதல் இரண்டை நகராட்சி நிர்ணயிக்கிறது. மூன்றாவது செலவை மக்கள் எதிர்பார்ப்பதில்லை. பல ஊர்களில் தெருவில் குழாய் வந்த பின்னும் இணைப்புகள் தாமதமாவதற்கு இது ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆலந்தூர். சென்னையை ஒட்டிய அந்நகராட்சியில் 1990களில் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகள் செப்டிக் டேங்கையே நம்பியிருந்தன. நகராட்சித் தலைவராக இருந்த ஆர். எஸ். பாரதியின் காலத்தில், குடியிருப்போர் சங்கங்களுடன் பேசி, வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையாகப் பெற முடிவானது. குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. கசடு அகற்ற அடிக்கடி லாரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தே மக்கள் இதற்கு இசைந்தனர். மீதிச் செலவு கடனாலும் மானியத்தாலும் ஈடுகட்டப்பட்டது. ஆலந்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில்

எல்லா ஊர்களுக்கும் விரைவில் பாதாளச் சாக்கடை வரப்போவதில்லை. அதுவரை தொட்டியைச் சீராக்குவதே வழி. தமிழ்நாடு அரசு 2014இல் கழிவுநீர்க் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. லாரிகள் உரிமம் பெற வேண்டும், கசடை வயலிலோ ஏரியிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். சென்னை-திண்டிவனம் நெடுஞ்சாலையை ஒட்டிய கருங்குழியில், மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் செயல்பாட்டுக்கு வந்தது. அங்கே கசடு மணற்படுகைகளில் உலர்த்தப்படுகிறது. வடியும் நீர் தனியே சுத்திகரிக்கப்படுகிறது.

இடைப்பட்ட வழிகளும் உள்ளன. தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கசடு நீங்கிய நீரை மட்டும் சிறிய குழாய்களில் கொண்டுசெல்லும் முறை 1960களிலிருந்து தென் ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் பயன்பட்டு வருகிறது. திடப்பொருள் இல்லாததால் குழாய்க்குக் குறைந்த சரிவும் ஆழமும் போதும். ஆனால் தொட்டியிலிருந்து கசடை ஒழுங்காக எடுத்துவர வேண்டும். கோட்டக்குப்பத்துக்கு அருகிலுள்ள ஆரோவில்லில், சில கட்டடங்களின் கழிவுநீரைச் சேர்த்து அங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் சிறு அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன.

தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியவையும் உண்டு: அடி பூசாத தொட்டிக்கு அடி பூசுதல், மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் தடுப்புச்சுவர் வைத்தல், நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் ஆழமான குழிக்குப் பதிலாக ஆழம் குறைந்த உறிஞ்சு வாய்க்கால் அமைத்தல், 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் கசடு எடுத்தல், கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வகத்தில் சோதித்தல்.

இணைப்புக்குப் பின் பராமரிப்பு

வீட்டு எல்லைக்குள் வரும் அடைப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு. தெருவில் வரும் அடைப்பு நகராட்சியின் பொறுப்பு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. வாசலருகே உள்ள கடைசிச் சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் நீர் நிரம்பி நின்றால் அடைப்பு தெருவில். அது காலியாக இருந்து கழிவறை மட்டும் நிரம்பினால் அடைப்பு வீட்டுக்குள். அணையாடை, சானிட்டரி நாப்கின், துணி, எண்ணெய், தேங்காய் நார் ஆகியவற்றைக் குழாயில் போடக் கூடாது. அடைப்பை நீக்க அமிலம் ஊற்றுவது சில சமயம் ஹைட்ரஜன் சல்பைடை ஒரேயடியாக வெளிப்படுத்தும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

குழாய் செல்லும் வழி, சேம்பர்களின் இடம், மூடிய தொட்டியின் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்துடன் வைப்பது நல்லது. பின்னாளில் வீட்டை வாங்குபவருக்கோ, கொல்லையில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுபவருக்கோ, தரையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஒரு தாளே சொல்லும்.